ஏழாவது சுற்றுக்கு அப்புறம் ஆறாவது சுற்று

குப்பத்துக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் வீட்டுக்கு வீடு தமிழ் பேசுகிற ஊர் எங்களுடையது. திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. எல்லா ராத்திரியும் பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் இடம் பிடிக்கிற என் ஆயா, அபிமன்யு சண்டை அன்றைக்கு மட்டும் வர மாட்டாள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "கதை சொல்றவன் சொல்லிக்கிட்டே இருக்கான், ம் கொட்டறவ தூங்கிட்டா. பாதிக் கதைய கேட்ட புள்ள என்னடா பண்ணும்?"

புதிர்ப்பாதை என்ற உருவகத்தைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் ஆயாவின் இந்தக் கேள்வி அளவுக்கு நேராக விஷயத்துக்குள் போகவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் சுபத்திரைக்குக் கண்ணன் சக்கர வியூகத்துக்குள் நுழைகிற விதத்தைச் சொல்கிறான், சில ஊர்களில் அர்ச்சுனன் சொல்வான். அவள் நடுவில் தூங்கிவிடுகிறாள். ஆனாலும் ம் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ம் கொட்டுவது வயிற்றுப் பிள்ளை என்று தெரிந்ததும் கண்ணன் கதையை நிறுத்திவிடுகிறான். உள்ளே போகிற வழி வரைக்கும்தான் சொல்லியிருக்கிறான். வியாச பாரதத்தின் துரோண பருவத்தில் இந்த வயிற்றுச் சங்கதி கிடையாது. நுழைய அப்பா கற்றுக் கொடுத்தார், ஆபத்து வந்தால் வெளியே வர எனக்குத் தெரியாது என்று அபிமன்யு தருமரிடம் சொல்வதோடு சரி. பதின்மூன்றாம் நாள் போரில் உள்ளே போகிறான், பின்னால் வந்தவர்களை ஜயத்ரதன் வாசலிலேயே மறித்துவிடுகிறான், அவ்வளவுதான். வயிற்றையும் தூக்கத்தையும் ம் சத்தத்தையும் சேர்த்தது வாய்மொழியாகக் கதை சொன்ன நம் ஆட்கள். போர்க்களத்துச் சம்பவத்தை அவர்கள் மனசுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒருவன் பிறப்பதற்கு முன்னால் காதில் விழுந்த பாதிக் கதை, பதினாறு வயதில் அவன் எங்கே மாட்டிக்கொள்வான் என்பதை முடிவு செய்கிறது. உளவியல் என்று நாம் பெரிய பெயர் வைத்துச் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

இப்போது புதிர்ப்பாதைக்கு வருவோம். இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் எல்லோருக்கும் வருகிற படம் ஒன்றுதான்: நிறைய சந்து, நிறைய கதவு, எங்கே திரும்பினாலும் சுவர், தொலைந்துபோன ஒரு ஆள். ஆனால் புதிர்ப்பாதையில் அடிப்படையிலேயே இரண்டு வகை உண்டு, இதைக் கலந்துவிட்டால் கதைகளைத் தப்பாகப் படிப்போம். ஒன்று, கிளை பிரிகிற வகை. ஒவ்வொரு முனையிலும் இடமா வலமா என்று முடிவு எடுக்க வேண்டும், தப்பாக எடுத்தால் முட்டுச்சந்து. இன்னொன்று ஒற்றைப் பாதை. கிளையே கிடையாது, தொலையவே முடியாது, நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். வளைந்து வளைந்து போவதால் எங்கே இருக்கிறோம் என்று மட்டும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் தரையில் கல் பதித்த புதிர்நிலைகள் இருக்கின்றன. ஏழு சுற்றுக் கோட்டை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், வேண்டிக்கொண்டு நடப்பார்கள். அது ஒற்றைப் பாதை. கர்நாடகத்தில் ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோவிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பத்தில், சக்கர வியூகத்தையே இப்படிச் சுழன்று போகும் பாதையாகச் செதுக்கியிருக்கிறார்கள். கிரேக்கத்திலும் இதே கதைதான். பாதி மனிதன், பாதி காளையான மினோட்டாரை அடைத்து வைத்த வீட்டில் நுழைந்தவன் திரும்பி வர நூல் வேண்டும் என்கிறது புராணம், அதாவது அது கிளை பிரிகிற வீடாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் கிரீட் தீவின் நோசஸ் நகரத்துக் காசுகளில் பொறித்திருப்பது பெரும்பாலும் ஒற்றைப் பாதை. இன்னும் பழையது ஒன்று இருக்கிறது. கிரேக்கத்தில் பைலோஸ் என்ற இடத்தில் கிடைத்த களிமண் பலகை, சுமார் கி.மு. 1200. முன்பக்கம் யார் யார் எத்தனை ஆடு என்று கணக்கு, பின்பக்கம் ஒரு புதிர்ப்பாதைக் கிறுக்கல். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளை வேலைக்கு நடுவில் பலகையைத் திருப்பிப் போட்டு இதை வரைந்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏழு சுற்று வடிவத்தின் நடை எப்படிப் போகிறது என்று ஒரு தடவை காகிதத்தில் வரைந்து விரலை ஓட்டிப் பாருங்கள். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிஷ வேலை: நடுவில் ஒரு கூட்டல் குறி, நான்கு மூலையிலும் ஒரு வளைவு, நான்கு புள்ளி, அப்புறம் முனைகளை ஒவ்வொன்றாக வளைத்துச் சேர்க்க வேண்டியதுதான். வெளிச்சுற்றை ஒன்று என்றும் நடுவை ஒட்டிய சுற்றை ஏழு என்றும் வைத்துக்கொண்டால், நடக்கிறவர் நேராக மூன்றாவது சுற்றுக்குள் நுழைகிறார். அப்புறம் இரண்டு, ஒன்று என்று வெளியே வெளியே போகிறார். பிறகு நாலு. அங்கிருந்து ஒரே தாவலாக ஏழு. இப்போது நடுவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், எட்டிப் பார்த்தால் தெரியும். அடுத்த திருப்பத்தில் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று நினைக்கும்போது பாதை ஆறுக்குத் திரும்புகிறது. அப்புறம் ஐந்து. விலகிப் போகிறோமே என்று மனசு தளர்கிற நேரத்தில், ஐந்தாவது சுற்றிலிருந்து நேராக நடு.

மூன்று, இரண்டு, ஒன்று, நாலு, ஏழு, ஆறு, ஐந்து. என் கணக்கில் நல்ல சிறுகதை ஒன்றின் எலும்புக்கூடு இதுதான். துக்கத்தில் இருக்கிற மனசு நடக்கிற வரிசையும் இதுதான். சொல்ல வேண்டியதைப் பற்றி முதலிலேயே கொஞ்சம் தொட்டுவிடுவோம். உடனே பயந்து வெளியே ஓடி, வானிலை, விலைவாசி, பஸ் லேட் என்று பேசுவோம். திடீரென்று மிக அருகில் போவோம், ஒரு வார்த்தை பாக்கி, அதைச் சொல்லாமல் திரும்பிவிடுவோம். அப்புறம் நாம் எதிர்பார்க்காத ஒரு நேரத்தில், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, அது வந்துவிடும்.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸின் 'ஆஸ்டெரியனின் வீடு' 1947-ல் வந்த கதை, மூன்று பக்கம்கூட இருக்காது. ஆஸ்டெரியன் என்ற பெயரில் மினோட்டாரே பேசுகிறது, ஆனால் பேசுவது அது என்று நமக்குக் கடைசி வரை சரியாகத் தெரியாது. என் வீட்டுக் கதவுகள் எண்ணற்றவை, எல்லாமே திறந்துதான் இருக்கின்றன, நான் கைதி இல்லை என்கிறது. ஒரு நாள் சாயங்காலம் வெளியே போனதாகவும் மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பயந்து திரும்பியதாகவும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. இது மூன்றாவது சுற்று, மர்மத்தின் பாதி இங்கேயே கையில் கிடைக்கிறது. உடனே பேச்சு வெளியே போய்விடுகிறது: தன் பெருமை, வீட்டின் பெருமை, தாழ்வாரங்களில் ஓடி விளையாடுவது, தூங்குவது மாதிரி நடிப்பது. அப்புறம் ஏழாவது சுற்று. இன்னொரு ஆஸ்டெரியன் தன்னைப் பார்க்க வருவதாகக் கற்பனை செய்துகொண்டு, இதோ இந்த முற்றம், இதோ இந்தத் தொட்டி என்று அவனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறது. தனிமை என்ற சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு கதை போக முடியாது. இந்த இடத்தில் கதை நின்றிருந்தால் நமக்குப் பரிதாபம் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் பாதை திரும்புகிறது, ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஒன்பது பேர், அவர்கள் தன் கை படாமலேயே விழுவது, என்றைக்காவது வரப்போகிற மீட்பன். கடைசியில் வெண்கல வாளில் வெயில் மின்னுகிறது, மினோட்டார் எதிர்த்துச் சண்டை போடவே இல்லை என்று அதைக் கொன்ற தீசியஸ், தனக்கு நூல் கொடுத்த அரியாட்னேவிடம் ஆச்சரியப்படுகிறான்.

இந்தக் கதையில் யாரும் தொலையவில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் ஆஸ்டெரியனுக்கு அத்துப்படி. வழி தெரிந்திருந்தும், கதவு திறந்திருந்தும் வெளியே போகாத ஒருவனின் மனசுதான் அந்த வீடு.

அதே ஆசிரியரின் 'கிளைவிடும் பாதைகளின் தோட்டம்', 1941. இதைக் கிளை வகைக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் காட்டுவார்கள். த்சுய் பென் என்பவர் பதவியை விட்டுவிட்டு ஒரு நாவலும் ஒரு புதிர்ப்பாதையும் செய்யப் போவதாகச் சொல்லி ஒதுங்குகிறார். அவர் செத்த பிறகு சந்ததியார் இரண்டையும் தேடுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாவலில் ஒருவன் எடுக்கக்கூடிய எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சரி, ஆனால் இதை நமக்குச் சொல்கிற உளவாளி யூ த்சுன் என்ன செய்கிறான்? தன் முன்னோரின் புத்தகத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதரை, அவர் பெயர் குண்டு போட வேண்டிய ஊரின் பெயராக இருக்கிறது, கொலைச் செய்தி வழியாக அது தன் தலைமைக்குப் போய்ச் சேரும் என்ற ஒரே காரணத்துக்காக, சுட்டுக் கொல்கிறான். ஆயிரம் கிளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒற்றைத் தடத்தில் நடந்து அந்தக் குற்றத்துக்கு வந்து சேர்கிறான். கதை முடிவது அவனுடைய தீராத வருத்தத்திலும் களைப்பிலும்தான். வேறு மாதிரி செய்திருக்கலாமே என்று குற்ற உணர்ச்சி கணக்குப் போடுகிற கிளைகள்தான் அந்தத் தோட்டம். நடந்தது ஒன்றுதான்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 'வளை' கதை இன்னும் கிட்டத்தில் வந்து கடிக்கும். சாவதற்கு ஐந்தாறு மாதம் முன்னால், 1923-24 குளிர்காலத்தில், பெர்லினில் எழுதியது. அச்சில் வந்தது அவர் செத்துப் பல வருஷம் கழித்து, 1931-ல். மண்ணுக்கடியில் வாழும் ஒரு பிராணி, தனக்குத்தானே வளை தோண்டியிருக்கிறது, நடுவில் ஒரு பெரிய கூடம், வாசலில் எதிரியைக் குழப்ப ஒரு சின்னப் புதிர்ப்பாதை. அந்தப் புதிர்ப்பாதை தன் முதல் வேலை என்று அதற்குப் பெருமையும் உண்டு, எதிரி நிஜமாக வந்தால் தாங்காது என்ற கவலையும் உண்டு. இதில் என்னை உலுக்கின இடம் ஒன்று இருக்கிறது. பிராணி வெளியே வந்து, மறைந்து உட்கார்ந்து, தன் வளையின் வாசலையே பகலும் இரவும் காவல் காக்கிறது. உள்ளே பத்திரமாகத் தூங்குகிற தன்னைத் தானே வெளியிலிருந்து பார்த்துப் பாதுகாக்கிற மாதிரி அதற்கு ஒரு சந்தோஷம். பதற்றம் பிடித்த மனசு எப்படி வேலை செய்கிறது என்று இதைவிடத் துல்லியமாக எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை. உள்ளே திரும்பிய பிறகு எங்கிருந்தோ ஒரு சீறல் சத்தம். தோண்டித் தோண்டிப் பார்க்கிறது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்கிறது. அப்படிக் கேட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குச் சந்தேகம் வர வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கிற கதை முடியாமலே நிற்கிறது. ஆயா கேட்டிருந்தால், இங்கேயும் யாரோ பாதியில் தூங்கிவிட்டார்கள் என்றிருப்பாள்.

உளவியல்காரர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ராய்ட் 1933-ல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் கிரேக்கப் புதிர்ப்பாதையைக் குடலின் சுருள் என்றும் அரியாட்னேவின் நூலைத் தொப்புள்கொடி என்றும் சொன்னார். முதல் பாதி எனக்கு ஒட்டவில்லை. இரண்டாவது பாதியைப் படித்தபோது அபிமன்யு ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எலிகளைப் புதிர்ப்பாதையில் விட்டு ஆராய்ந்தவர்கள் இன்னொரு பக்கம். அதில் அமெரிக்க உளவியலாளர் டோல்மன் 1948-ல் எழுதியது முக்கியம்: எலி வெறுமனே இடம் வலம் என்று பழகுவதில்லை, அந்த இடத்தின் வரைபடம் ஒன்றைத் தலைக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. அதாவது நாம் புதிர்ப்பாதைக்குள் போகும்போது அதுவும் நமக்குள் வந்துவிடுகிறது. அப்புறம் ஜான் லேயார்ட். மானிடவியலாளர், யுங்கின் உளவியல் பக்கம் போனவர். 1937-ல் தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சை குத்தும் வடிவங்களையும் புதிர்ப்பாதைச் சடங்காகப் பார்த்து நீண்ட கட்டுரை எழுதினார். தினமும் காலையில் நம் வீட்டுப் பெண்கள் வாசலில் கை எடுக்காமல் இழுக்கிற கோலக் கம்பியை எங்கோ இருந்த ஒருவர் இப்படிப் பார்த்திருக்கிறார், நம் விமர்சனத்தில் அது பற்றி எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஏனென்றால் நம் மொழியிலேயே விடை இருக்கிறது. மனக்குழப்பத்துக்குத் தமிழில் நாம் சொல்வதைக் கவனியுங்கள். தலை சுற்றுகிறது. அந்த நினைப்பே சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றி வளைத்துப் பேசாதே. கோவிலுக்குப் போனாலும் பிரகாரம் சுற்றுகிறோம், ஸ்ரீரங்கத்தில் ஏழு பிரகாரம். வேதனைப்படும் மனசைத் தமிழ் பெரும்பாலும் சுற்றுகிற மனசாகத்தான் பார்க்கிறது. சுற்றுவதற்கு நடு ஒன்று வேண்டும். நடுவில் என்ன இருக்கிறது என்று சுற்றுகிறவருக்குத் தெரியும், தெரிந்ததால்தான் சுற்றுகிறார். அதனால்தான் கிளை பிரிகிற புதிர்ப்பாதையைவிட ஒற்றைப் பாதைதான் நம் சிறுகதைக்கு இயல்பாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். சிறுகதையின் வடிவமும் அதற்கு ஒத்துழைக்கிறது. வாசகருக்கு அங்கே கிளையே கிடையாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே வழிதான், எழுதியவர் போட்ட வழி. நாவலில் பக்கத்து அறைக்குப் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வரலாம், இங்கே முடியாது.

இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதுகிற புதிர்ப்பாதைக் கதைகளை நிறையப் படித்துவிட்டேன். பெயரில்லாத ஒருவன், நீண்ட தாழ்வாரம், ஒரே மாதிரிக் கதவுகள், கண்ணாடி, கண்ணாடியில் வேறு முகம், கடைசியில் கனவு. நடுவில் எதையும் வைக்காமல் சுவரை மட்டும் கட்டியிருப்பார்கள். அந்த ஆளுக்கு எதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று எழுதியவருக்கே தெரியாவிட்டால் எத்தனை கதவு வைத்தும் பிரயோஜனம் இல்லை. சுவர்கள் சாதாரணமாக இருக்கலாம், இருக்க வேண்டும்கூட. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வராந்தா, அக்கா வீட்டுச் சமையலறை, எது வேண்டுமானாலும் ஏழு சுற்றாகும்.

நான் எழுத நினைத்து இன்னும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. வீடு ஆந்திராவில், நிலம் தமிழ்நாட்டில், வேப்பனப்பள்ளி பக்கம். எல்லையோரம் இருப்பவர்களுக்கு இது புரியும். அந்தப் பக்கத்துக் காகிதத்தில் தெலுங்கு வழக்கப்படி இன்டி பேரு, அதாவது குடும்பப் பெயர், முன்னால் வரும், இந்தப் பக்கத்துக் காகிதத்தில் தாத்தா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக வரும். அப்பா இரண்டு மாநிலத்திலும் இரண்டு ஆளாக இருந்திருக்கிறார், உயிரோடு இருந்த வரைக்கும் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

முதல் நாள் முதல் ஜன்னலில் கேட்ட முதல் கேள்வி, இறந்தவர் பெயர் என்ன. அது மூன்றாவது சுற்று. நான் பெயரைச் சொல்லாமல் காகிதத்தை நீட்டினேன். அப்புறம் வெளியே வெளியே போனேன்: தெலுங்குச் சான்றிதழை மொழிபெயர்க்க ஆள், அவர் இல்லாத நாள், ஜெராக்ஸ் கடை, கடையில் கரண்ட் இல்லை, எல்லை தாண்டும் டவுன் பஸ், பஸ்ஸில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிகிற சண்டை. நான்கு மாதம் அலைந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அலைகிற வரைக்கும் அப்பாவுக்காக ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒரு மத்தியானம் பழைய பத்திரத்தில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன், கடைசி எழுத்தின் வாலை எப்போதும்போல் கோட்டுக்குக் கீழே இழுத்திருந்தார். அது ஏழு. பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். ஆறு. அந்த டீக்கடையில் பக்கத்தில் இருந்தவரோடு மாங்காய் விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஐந்து.

கடைசியில் அவர்கள் கேட்டது ஒரே ஒரு உறுதிமொழிப் பத்திரம், இந்த இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று. நோட்டரியின் மேஜையில் டைப் அடித்த காகிதம் இருந்தது. ஒரு வரியை மட்டும் கையால் நிரப்பச் சொன்னார். மேற்படி இரு பெயர்களும், அதன் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் என் தந்தை ஒருவரையே குறிக்கும். இடைவெளியில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் வேறு ஏதோ காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், "காலஞ்சென்றன்னு போடுங்க" என்றார்.